காஞ்சியிலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள்: ஒரு குடும்பக் கதை எப்போது சாட்சியாகிறது?

சேர்வராயன் மலை மலையாளிகளைப் பற்றி இணையத்தில் யார் எழுதினாலும் பத்து வரிக்குள் எட்கர் தர்ஸ்டன் வந்துவிடுவார். 1909-ல் வெளியான அவருடைய 'தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்' ஏழு தொகுதிகள். நான்காம் தொகுதியில் மலையாளிகள் பற்றிய பகுதி இருக்கிறது. ஆய்வேடோ, சுற்றுலாக் கையேடோ, வாட்ஸ்அப் ஃபார்வர்டோ, பெரும்பாலும் எல்லாருக்கும் கிணறு அதுதான். இறைக்கிற வாளிதான் வேற வேற.

இந்தப் பகுதியை இந்தத் தடவை கொஞ்சம் வித்தியாசமாகப் படித்துப் பார்த்தேன். பக்கத்தில் ரிச்சர்ட் வாகமீஸின் இரண்டு புத்தகங்களை வைத்துக்கொண்டு. வாகமீஸ் கனடாவின் ஓஜிப்வே பழங்குடியைச் சேர்ந்த எழுத்தாளர். 1955-ல் வடமேற்கு ஒண்டாரியோவில் பிறந்து 2017-ல் காலமானவர். 'ஃபார் ஜோஷுவா' (2002), 'ஒன் நேட்டிவ் லைஃப்' (2008) இரண்டும் அவர் குடும்பத்தை இழந்து, தேடி, கொஞ்சம் கொஞ்சமாக மீட்டெடுத்த கதை.

ஒண்டாரியோவுக்கும் ஏற்காட்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். நேரடியாக ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு இடத்திலும் ஒரே கேள்வி இருக்கிறது. ஒரு குடும்பம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதையை யார் எழுதுகிறார்கள், எழுதிய பிறகு அது யாருக்கு உதவுகிறது?

முதலில் பெயர்

இங்கே 'மலையாளி' என்றால் கேரளக்காரர் இல்லை. தமிழ் பேசுகிற மலைக்குடி. சேர்வராயன் மலை, கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன், சித்தேரி, ஜவ்வாது, ஏலகிரி என்று கிழக்குத் தொடர்ச்சி மலை முழுக்க இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பழங்குடிகள் மொத்தம் 7,94,697 பேர். அதில் மிகப் பெரிய குழு இவர்கள்தான், மூன்றரை லட்சத்துக்கும் மேல். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டிருப்பதே இவர்களால்தான். அப்படியிருந்தும் ஆங்கிலத்தில் 'மலையாளி' என்று தேடினால் முதல் பல பக்கங்களுக்குக் கேரளாதான் வரும். தன் பெயரைத் தேடினால் வேறு யாரோ வருவது என்பதும் ஒருவகை இழப்புதான், சின்ன அளவில்.

தர்ஸ்டனின் பக்கம்

தர்ஸ்டன் 1885 முதல் 1908 வரை சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர். அளவுக் கருவிகளோடு மலை மலையாகப் போய் தலை நீளம், தலை அகலம், மூக்கு அகலம் என்று அளந்து குறித்தவர். சேர்வராயன் மலையிலும் அளந்தார். வயநாட்டில் பணியப் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடிவிட்டார்களாம். நல்ல உருவமாகப் பார்த்துப் பிடித்துப்போய், பஞ்சடைத்து மியூசியத்தில் வைக்கப் போகிறார் என்று பயம். இதை அவரே தன் முன்னுரையில் வேடிக்கையாகச் சொல்கிறார். எனக்கென்னவோ அந்தப் பெண்கள் நிலைமையைச் சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தார்கள் என்று தோன்றுகிறது. உடம்பைப் பஞ்சடைக்கவில்லை, அவ்வளவுதான்.

மலையாளிகள் பகுதியில் வரும் முக்கியமான கதை இது. கரிராமன் என்ற தெய்வத்துக்குக் காஞ்சியில் இருப்புக் கொள்ளவில்லை, வேறு இடம் தேடிக் கிளம்பியது. அதைப் பின்தொடர்ந்து பெரியணன், நடுவணன், சின்னணன் என்று மூன்று பேர் குடும்பத்தோடு புறப்பட்டார்கள். சேலம் பக்கம் வந்ததும் வழி பிரிந்தது. பெரியணன் சேர்வராயன் மலைக்கும், நடுவணன் பச்சைமலைக்கும், சின்னணன் மஞ்சவாடிக்கும் போனார்கள். இன்னொரு வடிவத்தில் நடுவர் போனது கொல்லிமலை, இளையவர் போனது பச்சைமலை. இன்னும் ஒரு வடிவத்தில் இவர்கள் காஞ்சிபுரத்து வெள்ளாளர்கள், முகமதியர் ஆட்சி ஓங்கிய காலத்தில், பத்துத் தலைமுறைக்கு முன்னால் மலை ஏறியவர்கள். மூவரும் வேறு வேறு சாதிப் பெண்களைக் கட்டிக்கொண்டார்கள் என்றும் ஒரு வடிவம் சொல்கிறது.

இதையெல்லாம் தொகுத்து வைத்ததற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும். அந்தக் காலத்தில் வேறு யாரும் இத்தனை வடிவங்களை ஒரே இடத்தில் சேர்க்கவில்லை. என் குறை வேறு. 'ஒரு மரபு', 'இன்னொரு மரபு' என்றுதான் எல்லாம் போகிறது. சொன்னது யார்? கிழவியா, பட்டக்காரரா? எந்த ஊர்? சேலநாடு, முட்டநாடு, மோகநாடு என்று சேர்வராயன் மலை மூன்று நாடாகப் பிரிந்திருந்தது என்று அதே பகுதி சொல்கிறது. சரி, கதையைச் சொன்னவர் எந்த நாட்டுக்காரர்? கதை வேறுபடும்போது அந்த வேறுபாட்டுக்கே ஒரு அர்த்தம் இருக்குமே. எந்த அண்ணன் எந்த மலைக்குப் போனான் என்பது யார் யாருக்குப் பங்காளி, யார் யாருக்குப் பெண் கொடுக்கலாம் என்ற கணக்கோடு ஒட்டியிருக்கலாம் அல்லவா?

நான் மென்பொருள் வேலை பார்க்கிறவன். கிட்டில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மாற்றியவர் பெயர் இருக்கும், தேதி இருக்கும். பெயரே இல்லாமல் நாலு பிரதிகளை ஒன்றாகச் சேர்த்தால், பிறகு எது எங்கிருந்து வந்தது என்று பிரிக்கவே முடியாது. தர்ஸ்டன் செய்தது கிட்டத்தட்ட அதுதான். கதைகள் தப்பித்தன, சொன்னவர்கள் காணாமல் போனார்கள்.

இந்தக் கதைகளை வைத்து அவர் வரும் முடிவுதான் இன்னும் முக்கியம். மலையாளிகள் காடர், குறும்பர், இருளர் போன்ற மலைக்குடிகளைச் சேர்ந்தவர்கள் இல்லை, சமவெளியிலிருந்து ஓரளவு அண்மைக் காலத்தில் மலைக்குப் போன தமிழர்கள் என்கிறார். இந்த ஒரு முடிவு நூறு வருஷம் கடந்தும் உயிரோடு இருக்கிறது. "அவங்க கீழேருந்து போன கவுண்டருங்கதானே, அவங்களுக்கு எதுக்கு எஸ்.டி.?" என்று சேலத்தில் டீக்கடை முதல் கல்யாண வீடு வரை கேட்டிருக்கிறேன். கேட்கிறவர் தர்ஸ்டனைப் படித்திருக்க மாட்டார். ஆனால் அந்த வாதம் அப்படியே இருக்கிறது.

வாகமீஸின் பக்கம்

இப்போது அடுத்த புத்தகம். வாகமீஸின் பெற்றோரும் மூத்தவர்களும் உறைவிடப் பள்ளிகளில் வளர்ந்தவர்கள். கனடாவில் பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, அரசும் திருச்சபைகளும் சேர்ந்து நடத்திய பள்ளிகள் அவை. சுமார் ஒன்றரை லட்சம் குழந்தைகள் அவற்றில் சேர்க்கப்பட்டார்கள். கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990-களின் இரண்டாம் பாதியில். தாய்மொழி பேசினால் தண்டனை. பிள்ளை வளர்ப்பது எப்படி என்று பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய வயதில் பெற்றோர் பக்கத்தில் இல்லை. அங்கிருந்து வெளியே வந்தவர்கள் பிள்ளை பெற்றபோது என்ன நடந்தது என்பதுதான் வாகமீஸின் கதை.

அவருக்கு மூன்று வயதுகூட நிறையவில்லை. குளிர்காலம். காட்டுக்குள் கூடாரம். பெரியவர்கள் குடிக்கப் போய்விட்டார்கள், நாட்கணக்கில் திரும்பவில்லை. விறகும் சாப்பாடும் தீர்ந்ததும் மூத்த குழந்தைகள் சின்னவர்களைச் சறுக்குவண்டியில் வைத்து, உறைந்த நீர்ப்பரப்பின் மேல் இழுத்துக்கொண்டு போய் ஒரு ரயில் ஊரில் கரையேறினார்கள். போலீஸ்காரர் கண்டார். குழந்தைகள் நலத் துறை எடுத்துக்கொண்டது. அதன்பிறகு அவர் தன் குடும்பத்தைப் பார்க்க இருபது வருஷத்துக்கும் மேல் ஆனது. வளர்ப்பு வீடுகள், ஒன்பது வயதில் தத்து, அந்த வீட்டில் அடி, பதினாறு வயதில் வெளியேற்றம், தெரு, சிறை. இருபதுகளின் நடுவில் அண்ணன் தேடிக் கண்டுபிடித்தார்.

இந்தக் கதையை அவர் பல புத்தகங்களில் திரும்பத் திரும்பச் சொல்கிறார். 1994-ல் வந்த முதல் நாவல் 'கீப்பர் அண்ட் மீ'-யில் இதைச் சிரிப்பாகவே சொல்கிறார். மூன்று வயதில் பிரிக்கப்பட்ட பையன், பெரிய ஆஃப்ரோ முடியும் பளபளக்கிற சட்டையுமாகத் தன் சொந்த ஊரில் வந்து இறங்குகிறான். ஊரே வேடிக்கை பார்க்கிறது. சொந்த பந்தம் எல்லாம் எதிரில் நிற்கிறது, இவனுக்கு யாரையும் தெரியாது.

எனக்கு முக்கியமாகப் பட்டது இது: வாகமீஸ் அம்மாவைக் குற்றவாளியாக்கவில்லை, காப்பாற்றவும் இல்லை. குடித்தது உண்மை. குழந்தைகளை விட்டுவிட்டுப் போனது உண்மை. அவர்களை அப்படி ஆக்கிய பள்ளிக்கூடம் இன்னொரு உண்மை. நலத் துறையின் கோப்பில் முதலாவது மட்டும்தான் பதிவாகியிருக்கும். அரசியல் மேடையில் இரண்டாவது மட்டும்தான் பேசப்படும். மகன் எழுதும்போது மட்டும்தான் இரண்டும் ஒரே பக்கத்தில் இருக்க முடிகிறது. தர்ஸ்டன் எவ்வளவு நல்ல மனிதராக இருந்திருந்தாலும் இதை எழுதியிருக்க முடியாது. திறமையில் குறை என்று சொல்ல மாட்டேன், அவர் நின்ற இடம் அப்படி.

'ஃபார் ஜோஷுவா' அவர் தன் மகனுக்கு எழுதியது. மகனோடு சேர்ந்து இல்லாததால் எழுதியது. குடிப் பிரச்சினையால் அந்த உறவும் அறுந்திருந்த நேரம். ஓஜிப்வே வழக்கப்படி அப்பா மகனுக்குக் கூடவே இருந்து சொல்லித்தர வேண்டியதை, அவர் புத்தகமாகத் தருகிறார். மீட்சி என்று அட்டையில் போட்டாலும், உள்ளே இழப்பு மூன்றாம் தலைமுறைக்கு வந்துவிட்டதைத்தான் வாசிக்கிறோம். இந்த நேர்மைக்காகவே அது பெரிய புத்தகம்.

குறை இல்லாமல் இல்லை. 'ஒன் நேட்டிவ் லைஃப்' சின்னச் சின்னக் கட்டுரைகள். மண், நெருப்பு, நீர், வானம் என்று நாலு பகுதி. பத்திரிகைப் பத்தி எழுதிப் பழகிய கை என்பது தெரிகிறது. 1991-ல் கனடாவின் தேசியப் பத்திரிகை விருதைப் பத்தி எழுத்துக்காக வாங்கிய முதல் பழங்குடி எழுத்தாளர் அவர். அந்தப் பழக்கம் உதவவும் செய்கிறது, கெடுக்கவும் செய்கிறது. ஏறக்குறைய ஒவ்வொரு கட்டுரையும் கடைசிப் பத்தியில் ஒரு பாடம் சொல்லி முடிகிறது. தொடர்ந்து பத்துப் படித்தால், முடிவு வரப்போவது அரைப் பக்கத்துக்கு முன்னாலேயே தெரிந்துவிடும். அவருடைய மூத்தோர்களும் எப்போதும் நிதானமாக, எப்போதும் சரியாகப் பேசுகிறார்கள். எங்க வீட்டுப் பெரியவர்கள் அப்படி இல்லை, உங்க வீட்டிலும் இருக்காது. நாவல்களில் அவர் இந்த வழுக்கலைத் தாண்டிவிட்டார். 2012-ல் வந்த 'இந்தியன் ஹார்ஸ்' படித்தால் தெரியும்.

இடம்பெயர்ந்தால் பழங்குடி இல்லையா?

இரண்டையும் சேர்த்துப் படித்ததில் எனக்குக் கிடைத்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். ஓஜிப்வேக்களுக்கும் ஒரு புலம்பெயர்வுக் கதை இருக்கிறது! கிழக்கே அட்லாண்டிக் கடலோரத்தில் இருந்தவர்கள் அவர்கள். புனிதச் சோழி ஒன்று வழிகாட்ட, ஏழு இடங்களில் தங்கித் தங்கி, தண்ணீரின் மேல் உணவு விளையும் இடம் வரும்வரை மேற்கே நடந்தார்கள். சுப்பீரியர் ஏரியில் காட்டரிசி விளைவதைக் கண்டு நின்றார்கள். அந்த ஏரியில் இருக்கும் மேடலின் தீவு இன்றும் அவர்களுக்குப் புனிதமான இடம்.

இந்தக் கதையை எழுத்தில் வைத்தவர்களில் முக்கியமானவர் வில்லியம் வாரன். தாய்வழியில் ஓஜிப்வே. மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர். ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுக் கேட்டு எழுதி, 28 வயதில், 1853-ல் இறந்துபோனார். புத்தகம் அச்சானது 1885-ல். அதாவது தர்ஸ்டனுக்கு அரை நூற்றாண்டு முன்னாலேயே அங்கே உள்ளிருந்து ஒருவர் எழுதிவிட்டார்.

தெய்வம் முன்னால் போகிறது, மக்கள் பின்னால் போகிறார்கள், வழியில் பிரிகிறார்கள், புது இடத்தில் வேர் பிடிக்கிறார்கள். கரிராமன் கதைக்கும் சோழிக் கதைக்கும் எலும்புக்கூடு ஒன்றுதான். ஆனால் ஓஜிப்வேக்களிடம் யாரும் "நீங்க கடலோரத்திலிருந்து வந்தவங்கதானே, அப்புறம் எப்படி இந்த ஏரிக்குப் பூர்வகுடி?" என்று கேட்பதில்லை. நடந்து வந்த கதைதான் அவர்கள் யார் என்பதற்கு ஆதாரம். இங்கே மட்டும் நடந்து வந்த கதையே எதிர்வாதமாகிறது.

சட்டமும் அப்படிக் கேட்கவில்லை. 1965-ல் லோக்கூர் குழு பழங்குடிப் பட்டியலுக்குச் சொன்ன அளவுகோல்கள் ஐந்து: தொல்குடித் தன்மைகள், தனித்த பண்பாடு, புவியியல் தனிமை, வெளியாரோடு கலக்கத் தயக்கம், பின்தங்கிய நிலை. 'பூர்வகுடி', 'தயக்கம்' என்கிற மாதிரி வார்த்தைகளோடு எனக்கும் சண்டை உண்டு, அது வேற கட்டுரை. ஆனால் இந்த ஐந்தில் 'எங்கிருந்தும் வந்திருக்கக் கூடாது' என்பது எங்கேயும் இல்லை. டீக்கடைக் கேள்விக்கு இது போதும்.

கதை தேர்வுத்தாள் ஆகும்போது

ஆனாலும் நடைமுறையில் சிக்கல் இருக்கிறது. பட்டியலில் மலையாளிகள் பெயருக்குப் பக்கத்திலேயே மாவட்டங்கள் குறிப்பிடப்பட்டிருக்கின்றன: தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி. கோயம்புத்தூர் இல்லை. பழைய கோயம்புத்தூரிலிருந்து 1979-ல் பிரிந்த ஈரோடு மாவட்டத்தில்தான் பர்கூர் மலை இருக்கிறது. அங்கே இருக்கும் மலையாளிகளுக்கு அதனால் பழங்குடிச் சான்றிதழ் கிடைப்பதில்லை. நீண்ட காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதே மக்கள், அதே பெயர், மாவட்டக் கோடு மட்டும் வேறு. டேட்டாபேஸ் வடிவமைக்கிறவர்கள் யாராவது ஒரு மனிதனின் அடையாளத்தை அவன் வீட்டு முகவரியோடு கட்டிப்போட்டால், ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிவிடுவோம். இங்கே அது பல பத்தாண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது.

பட்டியலில் இருக்கும் மாவட்டத்திலும் கதை முடிவதில்லை. போலிச் சான்றிதழ்களைத் தடுக்க உச்ச நீதிமன்றம் 1994-ல் மாதுரி பாட்டீல் வழக்கில் நடைமுறை வகுத்தது. சந்தேகம் வந்தால் விசாரணை அதிகாரி ஊருக்குப் போய் விசாரிக்க வேண்டும். குலதெய்வம் எது, சடங்கு என்ன, கல்யாணம் எப்படி, சாவுச் சடங்கு எப்படி என்பதெல்லாம் அதில் வரும். போலிகள் உண்மையான ஆட்களின் இடத்தைப் பிடிக்கிறார்கள் என்பதால் ஏதோ ஒரு சோதனை வேண்டியதுதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்தத் தலைப்புகளைத் தர்ஸ்டன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்படியே அவருடைய தலைப்புகள். ஒரு குடும்பம் தன் வீட்டு வழக்கத்தைச் சொல்லும்போது அது நினைவாக இல்லாமல் தேர்வு விடையாக மாறுகிறது. இரண்டு தலைமுறையாகச் சேலத்திலோ திருப்பூரிலோ வேலை பார்க்கிற வீட்டுப் பையனுக்குச் சடங்கின் பெயர் தெரியவில்லை என்றால், அது மோசடியா, இல்லை இழப்பா? 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே இந்தப் பண்பாட்டுச் சோதனையை முடிவான சோதனையாக எடுத்துக்கொள்ள முடியாது என்று சொன்னது. நல்லது. விடுதலைக்கு முந்தைய ஆவணங்களுக்கு அதிக மதிப்பு என்பது இன்னும் இருக்கிறது. 1950-க்கு முன்னால் பள்ளிக்கூடமே பார்க்காத மலைக் குடும்பத்தில் அந்த ஆவணம் எங்கே இருக்கும்?

வாகமீஸ் இந்தத் தேர்வில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இருபத்து மூன்று வயதில் அவருக்கு மொழி தெரியாது, சடங்கு தெரியாது, உறவுமுறை தெரியாது. அவர் ஓஜிப்வே இல்லை என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். எது பறிக்கப்பட்டதோ, அது இல்லை என்பதையே காரணம் காட்டி.

வாய்ச்சொல்லுக்கு மதிப்பு

கனடாவில் இதே பிரச்சினை நீதிமன்றத்துக்குப் போனது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் கிட்சான், வெட்சுவெட்டென் மக்கள் தங்கள் நிலத்துக்கு ஆதாரமாகக் குடும்பக் கதைகளையும் பாட்டுகளையும் சாட்சிக் கூண்டில் வைத்தார்கள். ஒரு மூதாட்டி பாடியபோது, தனக்கு இசைக்காது கிடையாது, பாடிப் பயனில்லை என்ற தோரணையில் நீதிபதி பேசினார். 1991-ல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராக வந்தது. 1997 டிசம்பரில் கனடா உச்ச நீதிமன்றம் டெல்கமூக் தீர்ப்பில் அதை மாற்றியது. வாய்மொழி வரலாற்றை எழுத்து ஆவணங்களுக்குச் சமமாக நிறுத்திப் பார்க்க வேண்டும் என்றது.

நம்மிடமும் அப்படி ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது, அதிகம் பேருக்குத் தெரியாது. 2006 வன உரிமைச் சட்டத்தின் விதிகளில், 13-ம் விதி. உரிமை கேட்பவர் அல்லாத ஊர்ப் பெரியவர்கள் சொல்வதை எழுதி வாங்கினால் அதுவும் ஒரு சான்று. கூட இன்னொரு சான்றும் வேண்டும், ஆனாலும் கிழவியின் வாய்ச்சொல் கணக்கில் வருகிறது.

வாய்ச்சொல் ஜெயித்த பெரிய உதாரணமும் மலையாளிகளிடமே இருக்கிறது. சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தி. 1992 ஜூனில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊரில் நடத்திய வன்முறை, 18 பெண்கள் மீதான பாலியல் வன்கொடுமை எல்லாருக்கும் தெரியும். அரசு ஆவணங்கள் ஒருபக்கம், பெண்களின் சொல் ஒருபக்கம். 2011 செப்டம்பரில் குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சொன்னதையே மாற்றாமல் சொல்லிக்கொண்டிருக்க அந்தப் பெண்களுக்கு முப்பது வருஷம் தேவைப்பட்டது.

ஒப்பீட்டுக்கு ஒரு எல்லை

கனடாவையும் ஏற்காட்டையும் ஒன்று என்று சொல்லவரவில்லை. ஏற்காட்டிலும் உறைவிடப் பள்ளிகள் உண்டு, 1894-ல் தொடங்கிய சேக்ரட் ஹார்ட், 1917-ல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் மாதிரி. அவை ஃபீஸ் கட்டிப் பிள்ளையைச் சேர்க்கிற பள்ளிகள். பழங்குடிப் பிள்ளைகளுக்கு அரசு உண்டு உறைவிடப் பள்ளிகள் தனியாக இருக்கின்றன. பெற்றோரே கொண்டுபோய் விடுகிற, மொழியைப் பிடுங்காத பள்ளிகள். கனடாவில் நடந்ததோடு இவற்றைச் சேர்த்துப் பேசுவது அங்கே செத்த குழந்தைகளுக்கும் அநியாயம், இங்கே வேலை பார்க்கிற ஆசிரியர்களுக்கும் அநியாயம்.

இங்கே நடந்த இழப்பு வேறு வகை. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பி கொண்டுவந்தார். பிறகு எஸ்டேட்கள். சாமையும் கேழ்வரகும் விளைந்த மலையில் பலர் அடுத்தவர் தோட்டத்தில் கூலியானார்கள். பிறகு மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பாக்சைட் வெட்டினார்கள். பிறகு சுற்றுலா. ஏற்காட்டு டூரிஸ்ட் மேப்பை எடுத்துப் பாருங்கள்: லேடீஸ் சீட், ஜென்ட்ஸ் சீட், சில்ட்ரன்ஸ் சீட், பகோடா பாயிண்ட். மலையை உட்கார்ந்து பார்க்க வந்தவர்கள் வைத்த பெயர்கள். கரடியூர், காக்கம்பாடி, தலைச்சோலை எல்லாம் மலையில் வாழ்ந்தவர்கள் வைத்தவை. தலைச்சோலையில் சோலை இன்னும் பெயரில் இருக்கிறது. போகிற வழியில் கண்ணில் படுவது சில்வர் ஓக் மரமும் அதில் ஏறிய மிளகுக்கொடியும், கீழே காப்பிச் செடியும். ஊர்ப் பெயரை விட நேர்மையான ஆவணம் சில நேரம் கிடையாது.

அப்போ என்ன செய்யலாம்?

தர்ஸ்டனைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. அவரைக் கடைசி வார்த்தையாக எடுத்துக்கொள்வதை நிறுத்தலாம். சேர்வராயன் உச்சிக் குகைக் கோயிலுக்கு மே மாதத் திருவிழாவில் வரும் குடும்பங்களிடம் அவர் தொகுத்த கதைக்குப் பிறகான நூறு வருஷக் கதை இருக்கிறது. எஸ்டேட் கூலி, பாக்சைட் லாரி, ஹாஸ்டல் சாப்பாடு, முதல் பட்டதாரி, திருப்பூர் பஸ், சான்றிதழுக்காக ஏறி இறங்கிய ஆபீஸ் எல்லாம் அதில் வரும். இந்தக் கதை மானிடவியல் தலைப்புகளில் அடங்காது. வாகமீஸ் காட்டுவது இதைத்தான். பாரம்பரியம் என்பது சடங்கு மட்டும் இல்லை, சடங்கு தெரியாமல் போன கதையும் பாரம்பரியம்தான். அதையும் வெட்கமில்லாமல் எழுதலாம்.

அந்தக் குடும்பங்களிலிருந்து கல்லூரிக்கு வந்த யாராவது இதைப் படித்தால், ஒரு தொழில்நுட்ப ஆலோசனை மட்டும். அப்பாயியோ அம்மாயியோ சொல்வதை போனில் பதிவு செய்யும்போது, முதலில் அவர்கள் பெயர், ஊர், தேதி, யாரிடம் கேட்டார்கள் என்பதை அவர்கள் வாயாலேயே சொல்லச் சொல்லுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், எது சரி என்று நீங்களாகத் தீர்மானித்து ஒன்றை அழிக்காதீர்கள். கோப்பின் பெயரிலேயே சொன்னவர் பெயரைப் போடுங்கள். மூன்று இடத்தில் பிரதி வையுங்கள், அதில் ஒன்று ஊரிலேயே இருக்கட்டும். வெளியாள் யார் கேட்டாலும், என்னையும் சேர்த்து, கொடுப்பதா வேண்டாமா என்பதைச் சொன்னவரே முடிவு செய்யட்டும்.

பெரியணன் கதையைத் தர்ஸ்டனுக்கோ, அவருக்கு முன்னால் எழுதியவர்களுக்கோ யாரோ ஒருவர் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய பேரன் பேத்திகள் இப்போதும் அந்த மலையில்தான் இருப்பார்கள். அந்தப் பக்கத்தில் அவர் பெயர் மட்டும் இல்லை.